ஒரே பதத்தில் வெந்த சோறு

பாலாற்றங்கரைச் சிறுநகரம் ஒன்றில், மேட்டுத் தெருவின் கடைக்கோடியில் ஒரு பஜனை மடம் இருந்தது. மடம் என்பது பெயரளவில்தான். ஓடு வேய்ந்த ஒற்றைக் கூடம், சுவரில் வேங்கடவன் படம், அதன் கீழே அணையாத விளக்கு ஒன்று, அவ்வளவே. அதைக் காத்துவந்தவர் செங்கமலத்தம்மாள். வயது நாற்பதைக் கடந்து அதிகம் ஆகவில்லை. தந்தை அமர்ந்து பாடிய இடத்தில் அவரும் அமர்ந்து பாடினார். கேட்டவர்களுக்குச் சொன்னார். கேளாதவர்களுக்கு ஒன்றும் சொன்னதில்லை.

அவரிடம் வந்து அமர்ந்தவர்களில் எத்திராஜுலு ஒருவர். குருவைக் காட்டிலும் வயதில் மிக மூத்த சீடர். வீடு வீடாகச் சென்று மின்சாரக் கணக்கெடுக்கும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அம்சவேணி உயிரோடிருந்தவரை மடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தவரல்லர். அவளுடைய தலைதிவசம் முடிந்த மறுவாரம் தாமாகவே வந்து, அவள் வழக்கமாக உட்காரும் தூணடியில் உட்கார்ந்தார். ஏன் வந்தீர்கள் என்று செங்கமலத்தம்மாளும் கேட்கவில்லை.

அம்சவேணி வாரந்தோறும் சனிக்கிழமை ஒரு பொழுது மட்டுமே உண்டு விரதம் காத்தவள். புரட்டாசி பிறந்துவிட்டால் அந்த விரதத்தின் முறையே வேறு. வீட்டுக் குதிரில் அரிசி நிறைந்திருந்தாலும் அதில் கை வைக்கமாட்டாள். தலைக்குக் குளித்து, நாமம் இட்ட சொம்பை ஏந்தித் தெருவில் இறங்குவாள். வாசல்தோறும் நின்று "கோவிந்தா" என்று குரல் கொடுப்பாள். அவரவர் இட்ட அரிசியைக் கொண்டுவந்து சமைத்துப் பெருமாளுக்குத் தளிகை போடுவாள். அந்தப் பக்கத்தில் உள்ளவரும் இல்லாதவரும் அப்படித்தான் செய்வார்கள். அதில் இழுக்கு என்று எவரும் எண்ணுவதில்லை. படைத்த சோற்றில் ஒரு கிண்ணம் ஆண்டுதோறும் மடத்துக்கும் வரும்.

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அவள் கணவனிடம் கேட்டது ஒன்றுதான்.

"புரட்டாசித் தளிகையை மட்டும் விட்டுடாதீங்க. எனக்காக ஒரு வருஷமாவது முறையாப் போடுங்க."

அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். பிள்ளையில்லாத வீடு. அந்த வாக்கைக் காப்பாற்ற அவரை விட்டால் வேறு ஆளில்லை.

அந்த ஆண்டின் புரட்டாசியில் இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை மீதியிருக்கையில், எத்திராஜுலு மடத்துக்கு வந்து தூணடியில் உட்காராமல் குருவின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கள், ஐயா."

"போட்ட தளிகையைப் பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

செங்கமலத்தம்மாள் துளசி தொடுத்துக்கொண்டிருந்தார். நார் விரலிடையே நின்றது.

"ஏன், முறையில் ஏதாவது குறை வைத்தீர்களா?"

குறை ஒன்றுமில்லை என்றார் எத்திராஜுலு. மாவிளக்கு ஏற்றியதையும், இலை போட்டதையும், காக்கைக்கு வைத்த பிறகே தாம் உண்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு கற்பூரத்துக்கு வந்தார். கற்பூரம் காட்டும்போது வீட்டில் ஒருவர் "ஏழுமலையானே" என்று அழைக்க, மற்றவர்கள் "கோவிந்தா" என்று மறுமொழி சொல்வது வழக்கம். இத்தனை ஆண்டுகளும் அவள் அழைப்பாள், அவர் சொல்லுவார். இப்போது அழைத்ததும் அவரே, மறுமொழி சொன்னதும் அவரே. அந்த இரண்டாவது குரல் காதில் விழுந்தபோது, தட்டை ஏந்திய கை அப்படியே நின்றுவிட்டதாம். அவள் கேட்டது நிறைவேறியதா இல்லையா என்று தெரியாமல் கடைசிச் சனிக்கிழமையைக் கழித்துவிட மனம் துணியவில்லை என்று முடித்தார்.

செங்கமலத்தம்மாள் வேறொன்று கேட்டார்.

"சோறு எப்படி இருந்தது?"

எத்திராஜுலுவின் முகம் சிறிது மலர்ந்தது.

"அதில் குற்றமே சொல்ல முடியாது அம்மா. உதிர்த்த மல்லிகை போல இருந்தது. ஒரு பருக்கை குழையவில்லை, ஒரு பருக்கை விறைக்கவில்லை. எல்லாம் ஒரே பதம். அம்சவேணிக்குக்கூட அது வந்ததில்லை. மற்ற நாளில் நன்றாகத்தான் வடிப்பாள். புரட்டாசிச் சனிக்கிழமை மட்டும் பாதி கூழ், பாதி கல். நானும் சொல்லாத வருஷமில்லை."

"ஒரே பதமா?"

"ஒரே பதம்."

அம்மையார் எழுந்தார். பக்தர்கள் காணிக்கையாக இடும் அரிசிப் பானையிலிருந்து இரண்டு கை அள்ளி முறத்தில் பரப்பினார். அதை எத்திராஜுலுவின் முன் வைத்து, இனம் பிரிக்கச் சொன்னார்.

எத்திராஜுலு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் அவருக்கு இல்லை. பச்சரிசி ஒரு பக்கம், புழுங்கல் ஒரு பக்கம், நீண்ட மணி ஒரு பக்கம், நொய் ஒரு பக்கம் என்று விரல் நுனியால் ஒதுக்கி வைத்தார்.

செங்கமலத்தம்மாள் ஒவ்வொன்றாகச் சுட்டினார்.

"இந்தப் புழுங்கல் உங்கள் எதிர்வீட்டாருடையது. இந்தக் கட்டை அரிசி ரேஷன் அரிசி. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர்கள் கொண்டுவந்து இட்டது. அந்த வீடுகள் உங்களுக்குத் தெரியும் அல்லவா?"

"தெரியாமல் என்ன அம்மா? எதிர்வீட்டில் மீட்டர் மாடிப்படியின் கீழே இருக்கிறது. குனிந்துதான் பார்க்கவேண்டும். இஸ்திரிக்காரர் வீட்டில் கதவுக்குப் பின்னால்."

"அவர்கள் பெயர் என்ன?"

எத்திராஜுலு முறத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தார்.

"அதெல்லாம் அம்சவேணிக்குத் தெரியும். எனக்கு இணைப்பு எண் தெரியும்."

கூடத்தில் விளக்குத் திரி படபடத்தது. பிரித்து வைத்த அரிசியை அவர் தம்மையறியாமல் மீண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டார். அதன் பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

முதற் சனிக்கிழமை அவர் சொம்போடு தெருவில் இறங்கியது மெய்தான். எதிர்வீட்டு வாசலில் போய் நின்றார். வாய் திறக்கவில்லை. பழக்கத்தால் கண் மட்டும் மாடிப்படியின் கீழே போயிற்று. உள்ளிருந்து வந்த அம்மாள் அவரைப் பார்த்த மாத்திரத்தில், "பணம் போன வாரமே கட்டியாச்சுங்களே" என்றார். எத்திராஜுலு தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

வந்தவர் தம் வீட்டு வாசலிலேயே நின்றார். யாசித்த அரிசி இல்லாமல் தளிகை இல்லை. தளிகை இல்லாவிட்டால் வாக்கு இல்லை. ஆகவே அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தம் கதவை நோக்கித் தாழ்ந்த குரலில் "கோவிந்தா" என்றார். சொம்பைப் படியில் வைத்துவிட்டு உள்ளே சென்றார். குதிரிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்துவந்து சொம்பில் இட்டார். பிறகு கொல்லைக் கதவுக்குப் போய் நின்று அங்கேயும் ஒரு முறை அழைத்தார். அடுத்து வந்த சனிக்கிழமைகளிலும் அதுவே நடந்தது.

இதைச் சொல்லி முடித்தபோது அவர் தலை கவிழ்ந்திருந்தது. அம்மையார் சிரிக்கவில்லை.

"வீட்டுக்காரர் தாராளமாக இட்டாரா?"

"இட்டேன், அம்மா."

"வாசலில் நின்றவரிடம் இரண்டு வார்த்தை பேசினாரா?"

"இல்லை."

செங்கமலத்தம்மாள் துளசியை எடுத்து மறுபடியும் தொடுக்கத் தொடங்கினார். எத்திராஜுலுவே பேசினார்.

"என்னால் கேட்க முடியவில்லை. பணம் கட்டத் தவறிய வீடுகளின் இணைப்பை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்தவன் நான். அதே வாசலில் நின்று எப்படி அரிசி கேட்பது?"

"அரிசி கேட்கச் சொன்னது யார்? பெருமாள் பெயரைச் சொல்லிவிட்டு நில்லுங்கள். இடுவதும் இடாததும் அவர்கள் பாடு."

கடைசிச் சனிக்கிழமை விடிந்தது.

எத்திராஜுலு குளித்து, ஈரவேட்டியோடு நாமம் இட்டுக்கொண்டு, சொம்பை எடுத்தார். எதிர்வீட்டுக்கு நடந்து சேர்வதற்குள், கணக்கெடுத்த காலத்தில் ஒரு பகல் முழுதும் நடந்தாலும் காணாத களைப்பு கால்களில் வந்தது. மாடிப்படியின் கீழே போன கண்ணை இழுத்துத் தரையில் நிறுத்தினார்.

"கோவிந்தா."

குரல் இருமலைப் போல வெளிப்பட்டது.

எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். அவருடைய பார்வை முதலில் ஆளின் மேல் விழுந்தது. பிறகு சொம்பின் மேல் இறங்கி அங்கேயே நின்றது.

"அக்காவோட சொம்புதானே இது? ஓரத்துல நசுங்கியிருக்கே." உள்ளே போய் கைநிறைய அரிசியோடு திரும்பினார். "என்ன சார், குரல் இவ்வளவுதானா? லைனை வெட்ட வந்தீங்கன்னா தெருமுனை வரைக்கும் கேட்குமே."

எத்திராஜுலு சொம்பை நீட்டினார். அரிசி விழுந்து முடிந்தது. முறைப்படி அப்போதே அவர் நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை.

"உங்க பேரு என்னம்மா?"

"நல்லா கேட்டீங்க போங்க. எதிர் வாசல்ல எத்தனை காலமா இருக்கேன். பவுனாம்பாள். மறந்துட்டா எழுதி வச்சுக்குங்க."

அடுத்த வீடு பூட்டியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. அவர் போதிய நேரம் நின்றுவிட்டு நகர்ந்தார். மாவு மில்காரர் வீட்டில் கைவேலையாக இருப்பதாகவும் அடுத்த வாரம் வரும்படியும் சொன்னார்கள். அடுத்த வாரம் ஐப்பசி பிறந்துவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. பிறகு இரண்டு மூன்று வீடுகளில் இட்டார்கள். ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் நொய்.

தெருமுனையில் இஸ்திரி போடும் நாகம்மாள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். ஒரு சமயம் அந்த வீட்டு விளக்குகள் பல நாள் அணைந்து கிடந்தது எத்திராஜுலுவின் கையெழுத்தால்தான். அது இருவருக்கும் தெரியும். அவள் தட்டில் அரிசியோடு நின்றாள்.

"ரேஷன் அரிசி சாமி. உங்க கைக்கு ஆகுமா? அக்கா வாங்கிக்கும்."

அவர் இரண்டு கைகளாலும் சொம்பை ஏந்தினார்.

"போடும்மா."

வீட்டுக்கு வந்து உலை வைத்தார். தண்ணீரை எந்த அரிசிக்கு அளந்து வைப்பது என்று விளங்கவில்லை. நொய் வெந்தபோது புழுங்கல் கடுக்கென்றிருந்தது. புழுங்கலுக்காகப் பொறுத்தால் பச்சரிசி கரையத் தொடங்கிற்று. ரேஷன் அரிசி எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. அவர் அடுப்பின் முன் கரண்டியோடு நின்றிருந்தார். இறக்கவும் மனமில்லை, விடவும் மனமில்லை. கடைசியில் இறக்கினார்.

இலை போட்டுப் படைத்தார். மாவிளக்கு ஏற்றினார். கற்பூரத் தட்டை ஏந்தி "ஏழுமலையானே" என்று அழைத்தார். வீடு சும்மா இருந்தது. சற்றுப் பொறுத்து அவரே "கோவிந்தா" என்றார்.

காக்கைக்கு வைத்தார். அது வந்து கொத்திக்கொண்டு போயிற்று. பிறகு இலையின் முன் உட்கார்ந்து முதற்கவளத்தை வாயில் வைத்தார்.

கூழாய்க் குழைந்த சோற்றின் நடுவில் ஒரு பருக்கை பல்லில் கடிபட்டது.

கை இலைக்குத் திரும்பவில்லை. எதிரே சுவரோரம் அவள் உட்கார்ந்து பரிமாறும் பலகை சாத்தி வைத்திருந்தது. அவர் அதையே பார்த்தபடி இருந்தார். கற்பூரத்தின் புகை அடங்கிற்று. மாவிளக்கின் திரி நெய்யைக் குடித்துக் கருகிற்று. அதன் பிறகு எழுந்து, மீதிச் சோற்றைக் கிண்ணத்தில் இட்டு மூடிக்கொண்டு மடத்துக்கு நடந்தார்.

செங்கமலத்தம்மாளும் விரதமாக இருந்தார். கிண்ணத்தைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, சோறு சரியாக வேகவில்லை. பாதி கூழ், பாதி கல்."

செங்கமலத்தம்மாள் உள்ளங்கையை நீட்டினார். எத்திராஜுலு ஒரு பிடி இட்டார். அம்மையார் நிதானமாக மென்றார். அந்த அமைதியில் பருக்கை கடிபடும் ஓசை கேட்டது.

"தளிகை ஏற்கப்பட்டதா, அம்மா?"

மீண்டும் உள்ளங்கை நீண்டது. எத்திராஜுலு மீண்டும் இட்டார். அதையும் உண்டு முடித்த பிறகே அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பெருமாளைப் பற்றி எனக்கென்ன தெரியும், ஐயா? அம்சவேணியம்மாள் ஆண்டுதோறும் கொண்டுவந்த சோறு இப்படித்தான் இருந்தது."

எத்திராஜுலு கிண்ணத்திலிருந்து ஒரு பிடி எடுத்துத் தாமும் உண்டார்.