ஜாமீனில் வந்த வீடு

கோணவாடி உப்பளத்தில் ஒரு தொழிலாளர் சங்கம் இருந்தது. அதில் மிஞ்சிய நாலு பேரும் ஸ்பெயின் தேசத்துக்கு மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற வேலைக்குப் போனபோது, சங்கத்தையும் கையோடு கொண்டுபோனார்கள். மிக்கேல் தலைவர், தொம்மை செயலாளர், ராயப்பன் பொருளாளர். சூசைக்கு மட்டும் பதவி இல்லை. சங்கத்துக்கு உறுப்பினர் என்று ஒருவராவது வேண்டுமே. அதனால் போடுகிற தீர்மானமெல்லாம் சூசையைத்தான் கட்டுப்படுத்தும். தலைமையைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று தலைமையே ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது.

நாலு பேரும் சேர்ந்து அந்த ஊர் மலைச்சரிவில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார்கள். வங்கி கடன் கொடுத்து வீட்டை அடமானமாக எழுதிக்கொண்டது. தவணை தலைமுறைக்கும் நீளும் போலிருந்தது.

சூசையின் தூக்கத்தைக் கெடுத்தது வங்கி அல்ல, பெண்டாட்டி. ஜெபமாலை ஊரிலிருந்து வரப்போகிறாள். அவளுடைய அப்பா வீட்டை அடமானத்தில் பறிகொடுத்து, பித்தளைக் குடத்தோடு தெருவில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவள். போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"அடமானத்துல கிடக்குற வீட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். மீட்டு வச்சா இருப்பேன். இல்லன்னா அடுத்த பிளேன்ல திரும்பிருவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். சங்கத்துக்கும் அவளுக்கும் இருந்த வித்தியாசம் அதுதான்.

நல்லவேளையாக டப்பா ஆலையை மூடினார்கள். வேலை போனதற்கு நஷ்டஈடு கிடைத்தது. அதை அப்படியே ஒரு பையில் கட்டிக்கொண்டு நாலு பேரும் வங்கிக்குப் போனார்கள். மொழிபெயர்க்க, அந்த ஊரில் மளிகைக்கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக் குகதாசனைக் கூட்டிக்கொண்டார்கள். மேலாளர் சொன்னதை அவர் எடுத்துச் சொன்னார்: முழுக் கடனையும் கட்டலாம், ஆனால் கெடுவுக்கு முன்னால் கட்டினால் அதற்கென்று ஒரு கட்டணம் உண்டு.

சங்கம் வாசலில் அவசரக் கூட்டம் போட்டது.

"பிந்திக் கட்டுனா அபராதம், சரி. முந்திக் கட்டுனாலும் அபராதமாவே?" என்றார் தொம்மை. "அப்ப கடன அடைக்கிறது இந்த நாட்டுல குத்தம்."

ராயப்பன் பொருளாளர், கணக்கில் புலி. வெகுநேரம் யோசித்தார். "ஒரு தவணையப் பிந்திக் கட்டுவோம். மிச்சத்த முந்திக் கட்டுவோம். ரெண்டையும் கூட்டிக் கழிச்சா, சரியான நாள்ல கட்டுன மாதிரி ஆயிரும்."

சூசைக்கு எங்கோ இடித்தது. ஆனால் உறுப்பினர் பேசுவதற்குத் தலைமையின் முன் அனுமதி வேண்டும். அதைக் கேட்கப் பேச வேண்டும். பேசாமல் இருந்துவிட்டார். அந்த மாதத் தவணையைக் கட்டாமல் விட்டு, மிச்சத்தை முந்திக் கட்டுவதாகச் சங்கம் வங்கிக்கு எழுதிக் கொடுத்தது. வங்கி இரண்டு அபராதத்தையும் எழுதி அனுப்பியது.

இனி முற்றுகைதான் என்று மிக்கேல் அறிவித்தார். பணப்பையை நடுவில் வைத்துக்கொண்டு நாலு பேரும் வங்கி வாசலில் உட்கார்ந்தார்கள். "வாங்கு வாங்கு, பணத்தை வாங்கு, மிச்சம் வைக்காமல் மொத்தமாய் வாங்கு" என்று முழங்கினார்கள்.

அந்த ஊரிலும் வங்கிக்கு வீட்டைப் பறிகொடுத்தவர்கள் தெருத்தெருவாக இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. வங்கி வாசலில் உட்கார்ந்து கத்துகிறவன் எதற்குக் கத்துவான் என்பது தெரியும். ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள் வீட்டிலிருந்து சட்டியும் கரண்டியும் கொண்டுவந்து தட்டினார்கள். மத்தியானத்துக்குள் தெரு அடைத்துக்கொண்டது.

மேலாளர் வெளிறிப்போய் வெளியே வந்தார். இரண்டு கட்டணத்தையும் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார். கூட்டம் அசையவில்லை. ஒரு வருஷத்துக்குக் கடனே கட்ட வேண்டாம் என்றார்.

மிக்கேலுக்கு ரத்தம் கொதித்தது. "பாத்தியாவே, போராட்டத்த உடைக்கப் பாக்கான்."

இரண்டு வருஷம் என்று மேலாளர் இறங்கிவந்தார். முழக்கம் இன்னும் பலமாயிற்று. கடைசியில் வேறு வழியில்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டார். கிடைத்த வெற்றி என்ன என்று குகதாசன் கூட்டத்துக்கு அவர்கள் மொழியில் விளக்கினார்.  கூட்டம் சட்டிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது.

பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தை நீக்குகிற வேலை ஒன்று பாக்கி இருந்தது. "திங்கக்கிழமை பத்து மணியோட வங்கியின்ர பிடி விட்டிடும், அண்ணை," என்றார் குகதாசன். "நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. பேசாமல் வீட்டில இருங்கோ."

ஒன்றும் செய்யாமல் இருப்பதா? கோணவாடியில் ஒரு தோழர் ஜெயிலிலிருந்து வந்தால், மாலையோடு வாசலில் நின்று வரவேற்று, ஊர்வலமாகக் கூட்டிப்போவதுதான் சங்கத்தின் மரபு. இத்தனை வருஷம் வங்கியின் பிடியில் கிடந்த வீடு ஒரு தோழருக்குக் குறைந்ததா என்று மிக்கேல் கேட்டார்.  வரவேற்கிறவன் உள்ளே இருந்து வரவேற்க முடியாது என்பதால், திங்கட்கிழமை விடிந்ததும் பாய், தலையணை, சட்டி பானையோடு வீட்டைக் காலி செய்து, பூட்டிக்கொண்டு எதிர்ப்புறம் போய் நின்றார்கள். ராயப்பன் தூண்டில் நரம்பில் கார்னேஷன் பூவைக் கோத்து, வாசல் அகலத்துக்கு மாலை கட்டியிருந்தார்.

அன்றைக்குத்தான் ஜெபமாலையும் வருகிறாள். விமான நிலையத்துக்குப் போக சூசை விடுப்புக் கேட்டதைத் தலைமை நிராகரித்துவிட்டது. குகதாசன் தன் வேனில் போனார்.

பத்து மணி ஆயிற்று. வீடு வெளியே வரவில்லை.

வெயில் ஏறியது. சூசை போய்க் கதவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே சத்தமில்லை. மாலையைக் கதவிலேயே மாட்டிவிடலாமா என்று ராயப்பன் கேட்டார். கை வலி அவருக்கு. ஜெயிலுக்குள் கை விட்டு மாலை போடுகிற வழக்கம் எங்கே இருக்கிறது என்று மிக்கேல் அதட்டினார்.

தொம்மைதான் கண்டுபிடித்தார். "தலைவரே, நம்ம பயலுவள ஜெயில் வாசல்ல வச்சே வேற கேசுல புடிக்க மாட்டானுவளா? அதேதான். வீட்ட மறுபடி அரெஸ்ட் பண்ணிட்டான்."

நால்வரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது வேன் வந்து நின்றது. ஜெபமாலை இறங்கினாள். தெருவில் கிடந்த பாயையும் பானையையும் பார்த்தாள். முகம் இறுகியது.

"மீட்டாச்சா, இல்லையா?"

"மீட்டாச்சு," என்றார் சூசை. "வெளிய வரதுக்குள்ள மறுபடி புடிச்சுட்டாங்க."

இவள் சிரிப்பாள், அல்லது அடிப்பாள் என்று குகதாசன் எதிர்பார்த்தார். ஜெபமாலை உப்பளச் சங்கத்துக்காரன் பெண்டாட்டி. பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த செக்‌ஷன்?"

யாருக்கும் தெரியவில்லை.

"அதக்கூட கேக்காம நாலு ஆம்பளையளும் மாலைய வச்சுக்கிட்டு நிக்கிய. போய் ஜாமீன் எடுங்க."

ஜாமீனுக்குப் பணம் வேண்டும். பணத்தைத்தான் மொத்தமாக வங்கியில் திணித்தாயிற்றே. திரும்ப அங்கேயே போய்க் கேட்டார்கள். மேலாளர் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார். எதை ஈடாக வைப்பீர்கள் என்று கேட்டார். வீட்டை வைத்தார்கள். கடன் வாங்கிய பணத்தை அந்த மேசையிலேயே ஜாமீன் தொகையாகத் திருப்பிக் கட்டினார்கள். மேலாளர் எதுவும் கேட்கவில்லை. பணத்தை உள்ளே தள்ளி, ரசீதில் முத்திரை குத்தினார். குகதாசன் வாயைத் திறந்தார். குறுக்கே பேச வேண்டாம் என்று மிக்கேல் கையமர்த்தினார்.

ரசீதை ஜெபமாலை வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தாள். "இது அடமான வீடு இல்ல. ஜாமீன்ல இருக்குற வீடு," என்று சொல்லி, வலது காலை வைத்து உள்ளே போனாள். சூசைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் ஜாமீன் என்றால் நிபந்தனை இல்லாமல் இருக்காது. தினமும் காலையில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நாலு பேருக்கும் அனுபவத்தில் தெரியும். முழு வீட்டையும் தூக்கிப்போக முடியாது. ஆகவே வங்கி திறக்கும் நேரத்துக்கு வாசல் கதவைக் கழற்றி, ஆளுக்கொரு மூலையாகத் தோளில் வைத்து, மலையிறங்கிக் கொண்டுபோகிறார்கள். கதவுக்கு எழுதத் தெரியாது. அதனால் அதன் கைப்பிடியில் மை தடவிக் கைநாட்டு வைத்துவிட்டு வருகிறார்கள்.