சுனைக்கரைச் சதுரங்கம்

என் மூத்தவன் ஆறாம் வகுப்பில் செஸ் போட்டிக்குப் போன அன்று, அரங்க வாசலில் என்னோடு காத்திருந்த தைனேஸ் அக்காதான் இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னார்கள்.

ஒரு காட்டில் மழை பொய்த்துப் போனது. மிஞ்சியது ஒரே ஒரு சுனை. அதன் கரைப் பாறையை வளைத்துக்கொண்டு ஒரு மலைப்பாம்பு கிடந்தது. பாறையின் மேல் சதுரங்கப் பலகை. "என்னை ஜெயிக்கிறவங்களுக்குத் தண்ணி" என்றது பாம்பு. ஆடப் போன மானும் குரங்கும் ஜெயித்துவிட்டதாகத்தான் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு அவற்றை யாரும் பார்க்கவில்லை.

ஒரு முயலின் குட்டிகள் தாகத்தில் துவண்டு கிடந்தன. முயலுக்கு ஆட்டம் தெரியும். ஒரே ஒரு தொடக்கம் மனப்பாடம். மனைவியோடு சுனைக்கு வந்தது.

"நாலே நகர்த்தல்ல முடிச்சிடுறேன், பாரு" என்றது.

"உள்ளே வந்து உட்காரு, தம்பி" என்றது பாம்பு. "எனக்குக் கை கிடையாது. என் காயையும் நீயேதான் நகர்த்தணும்."

பாம்பின் தலைக்கும் வாலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. முயல் அதன் வழியே உள்ளே போனது. வெள்ளைக் காய்கள் தொட்டால் சில்லென்றிருந்தன.

"இது எதுல செஞ்சது?"

"எலும்பு. முன்னாடி ஆடினவங்க விட்டுட்டுப் போனது. வெள்ளைக்குத்தான் முதல் ஆட்டம். ஆரம்பி."

முயல் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. அடுத்து மந்திரியை வெளியே எடுத்தது. சுனையில் தவளைச் சத்தம் நின்றுபோனது.

"ஏங்க" என்றது புதரோரம் நின்ற பெண் முயல். "நீங்க போன வழி சின்னதாகுது."

"சும்மா இரு. தொடக்கத்துலதான் கவனம் வேணும்."

ராணி கிளம்பியது. பாம்பு சொன்ன காயை முயலே எட்டி எடுத்து நகர்த்தியது. அது தப்பான ஆட்டம். முயலுக்குச் சிரிப்பு வந்தது.

"வந்துடுங்களேன். தண்ணிக்கு வேற எங்கயாவது தேடுவோம்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு." ராணி பாய்ந்தது. "செக்மேட்!"

"கெட்டிக்காரன்" என்றது பாம்பு. "சுனை உன்னோடது. போய்க் குடி."

முயல் திரும்பியது. வழி இல்லை. சுற்றிலும் செதில்கள் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

"நான்தானே ஜெயிச்சேன்?"

"ஆமா, தம்பி. ஆனா நீ உள்ளே வந்து உட்கார்ந்தப்பவே என் ஆட்டம் தொடங்கியாச்சு."

அப்புறம் சத்தமே இல்லை. பெண் முயல் வளைக்குத் திரும்பி, குட்டிகளை எழுப்பிக்கொண்டு, வேறு தண்ணீர் தேடி நடந்தது.

ஜெயிக்கும் ஆசையில் பலகையை மட்டும் பார்ப்பவர், தாம் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்.

இன்றைக்கு நீங்கள் ஜெபிக்கும்போது, அந்தப் பெண் முயலையும் குட்டிகளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.