கரடியின் துடைப்பம்

ஒரு காட்டில், ஓடை திரும்பும் இடத்தில், பழைய திராட்சைப் பந்தல் ஒன்று இருந்தது, குழந்தைகளே. அதை மங்கான் என்ற கரடி பார்த்துக்கொண்டது. மங்கானுக்குச் சுத்தம்தான் உயிர். விடிந்ததும் பந்தலடியில் ஒரு சருகு விடாமல் பெருக்கி ஓடையில் தள்ளிவிடும். தரை கல்லாய் இறுகிக் கிடந்தது. கொடிகள் காய்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"இந்த மழைக்கும் துளிர்க்காவிட்டால் பந்தலைப் பிரித்துவிட வேண்டியதுதான்" என்றது கரடி.

கரடி செல்லமாக வளர்த்த கோழியின் பெயர் சிலுப்பி. சிலுப்பியால் கிளறாமல் இருக்க முடியாது. கரடி குவித்த சருகை அடுத்த நொடியே கலைத்துவிடும்.

"இப்போதுதானே பெருக்கினேன்?"

"அடியில் ஒரு புழு கூப்பிட்டது, அண்ணா."

"புழு உன்னைக் கூப்பிடுமா?"

"கூப்பிடாமலா போனேன்?"

கரடி தலையில் கைவைத்து உட்கார்ந்தது. வேலிக்கு அப்பாலிருந்து முள்ளம்பன்றி சிரித்தது. "பேசாமல் பந்தலைக் கோழி பெயருக்கே எழுதிவிடேன், மச்சான்."

கரடிக்குப் பொறுக்கவில்லை. சிலுப்பியை விரட்டவும் மனம் வரவில்லை. பட்டுப்போனதென்று கைவிட்ட மூலைக் கொடியைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டி, கோழியை உள்ளே விட்டது.

"செத்த கொடிதானே. இங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கிளறித் தொலை."

பாவம், ஏங்கிப்போகும் என்று, பெருக்கிய சருகையெல்லாம் தினமும் தட்டிக்குள் கொட்டியது. உள்ளே மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை துடைப்பத்தைத் தேடும்.

மற்றக் கொடிகளின் பழைய கிளைகளைக் கவாத்து வெட்டிவிட்டுக் கரடி காத்திருந்தது. மழை வந்தது. பெருக்கிய தரையில் நீர் நிற்காமல் ஓடைக்கு ஓடியது. ஒரு கொடியிலும் பச்சை இல்லை.

மனம் கசந்த கரடி, பந்தல்கால்களைப் பிடுங்க மூலைக்குப் போய்த் தட்டியைத் தள்ளியது. அதன் பாதம் மெத்தென்று மண்ணில் புதைந்தது. நிமிர்ந்து பார்த்தது. செத்த கொடியில் விரல்நுனி அளவுக்குத் துளிர்கள்.

"சிலுப்பி, என்ன செய்தாய்?"

"தினமும் செய்வதுதான், அண்ணா. நீதான் இங்கே பெருக்கவில்லை."

கரடி துடைப்பத்தின் கட்டை அவிழ்த்து, குச்சிகளை அடுத்த கொடியடியில் பரப்பியது. சிலுப்பி ஓடிவந்து அதையும் கலைத்தது. கரடி பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது.

அடுத்த கோடையில் பந்தல் முழுக்கக் குலைகள். முள்ளம்பன்றி வேலியோரம் வந்து நின்றது. "ஒரு குலை கொடேன், மச்சான்."

"கோழியிடம் கேள்" என்றது கரடி. "பந்தல் அதன் பெயரில்தான் இருக்கிறது."

நீதி: தரை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் மண்ணின் சாப்பாட்டைப் பெருக்கித் தள்ளாதே.