அண்ணாச்சிக்கு யாரும் ‘நோ’ சொல்வதில்லை

"டீச்சர், இனிமே எனக்கு என்னத்தச் சொல்லித் தரப்போறீங்க?" என்று கேட்டார் உலகநாதன்.

கேட்பதற்குக் கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லை. படிப்பு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு.

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடியில், வெளிநாடு போகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள் ஜெனோவா. அவளுக்கு இருபத்தாறு வயது. உலகநாதன் அறுபதைத் தாண்டியவர். தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு முதலாளி. ஊருக்கே அண்ணாச்சி. ஆனாலும் இங்கே அவர்தான் மாணவர், அதுவும் முதல் பெஞ்சு.

"எல்லாம் படிச்சிட்டீங்களா, அண்ணாச்சி?"

"கேட்டுத்தான் பாருங்களேன்."

அவள் கேட்டாள். பெட்டி வந்து சேருகிற இடத்துக்கு என்ன பெயர், விமானம் தாமதமானால் பலகையில் என்ன போடுவார்கள், போக மட்டும் டிக்கெட் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பது.

பேகேஜ் கிளெய்ம், டிலேட், சிங்கிள் டிக்கெட். அண்ணாச்சி ஒன்றையும் விடவில்லை. வார்த்தைகள் அவரிடம் கட்டுக் கட்டாக இருந்தன.

"எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"அடுத்த மாசம் சீமையில, லீட்ஸ்ங்கிற ஊர்ல என் மக கோமதிக்குப் பிரசவம். ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க. மருமகன் கப்பல்ல இருக்காரு. அவ அம்மா இருந்தா அவளே போயிருப்பா."

நோட்டை மூடி வைத்தார்.

"வழி தெரியாம நான் எங்கயாவது நின்னேன்னா, தையலோட அந்தப் பிள்ளைலா என்னையத் தேடி வரணும். அது ஆகாது டீச்சர். நானாப் போயி அவ வாசல்ல நிக்கணும்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் முதலாளி இல்லை. ஜெனோவாவுக்கு அவர்மேல் பிரியமாக இருந்தது. ஆகவே சும்மா விடக் கூடாது என்று முடிவு செய்தாள்.

"எந்திரிங்க அண்ணாச்சி. இந்த ரூம்தான் ரயில்வே ஸ்டேஷன், இங்க படிக்கிறவங்கதான் ஸ்டேஷன் ஆளுங்க. லீட்ஸ் வண்டியைக் கண்டுபிடிங்க."

அண்ணாச்சி பேச்சிமுத்துவிடம் போனார். பேச்சிமுத்து எலக்ட்ரீஷியன், மஸ்கட்டுக்குப் போகக் காத்திருப்பவன். அவன் அக்கா அண்ணாச்சியின் ஆபீசில் லேபிள் ஒட்டுகிறாள்.

"திஸ் ட்ரெயின், லீட்ஸ், எஸ்?"

"எஸ், அண்ணாச்சி."

அடுத்து நர்ஸ் மரகதவல்லி.

"எஸ், அண்ணாச்சி."

அண்ணாச்சி டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் முதலாவதாக வந்த பார்வை.

"இப்ப தரையைக் காட்டி, இது கடல்தானேன்னு கேளுங்க," என்றாள் ஜெனோவா.

"இது எதுக்கு?"

"கேளுங்க, சொல்லுதேன்."

"திஸ் இஸ் சீ, எஸ்?"

பேச்சிமுத்து தரையைப் பார்த்தான். அண்ணாச்சியைப் பார்த்தான்.

"எஸ், அண்ணாச்சி."

யாரும் சிரிக்கவில்லை. கீழே பாகு காய்ச்சுகிற வாசனை மட்டும் மேலே வந்தது.

"என்னலே, என்னைய வச்சு விளையாடுதியா?"

"இல்ல அண்ணாச்சி. நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்."

அவன் கேலி செய்யவில்லை. அண்ணாச்சிக்கு அதுதான் என்னவோ போல் இருந்தது.

"இப்ப என்கிட்ட கேளுங்க," என்றாள் ஜெனோவா.

"திஸ் ட்ரெயின், லீட்ஸ், எஸ்?"

"நோ," என்று ஆரம்பித்து அவள் ஆங்கிலத்தில் இன்னும் கொஞ்சம் பேசினாள்.

அண்ணாச்சிக்குக் காது சிவந்துவிட்டது. முகத்துக்கு நேரே அந்த வார்த்தையை அவரிடம் யார் சொல்லியிருக்கிறார்கள்? கணக்கப்பிள்ளை சொன்னதில்லை. கோயில் கமிட்டி சொன்னதில்லை. மகளுக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும். அவளும் வாயைத் திறக்காமலே வளர்ந்து, வாயைத் திறக்காமலே சீமைக்குப் போய்விட்டாள்.

"நான் என்ன சொன்னேன், அண்ணாச்சி?"

"நோன்னு சொன்னீங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஏதும் சொன்னீங்களா என்ன?"

பேச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டே முணுமுணுத்தான்.

"எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போகச் சொன்னாங்க, அண்ணாச்சி. வண்டி கிளம்பப் போகுது, சீக்கிரம் போங்கன்னாங்க."

அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னைக்கு என்ன பாடம்?"

"நேத்து நடத்துன பாடம்தான்."

அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றே பாடம். டிக்கெட் கவுன்டரில் நோ. ஜன்னலோர சீட்டுக்கு நோ. சைவச் சாப்பாட்டுக்கு நோ. முதல் சில நாட்கள் காது சிவந்தது. நோவுக்கு அப்புறம் சொன்னது ஒன்றும் அதில் ஏறவில்லை. பிறகு கடைசி வார்த்தை கேட்டது. பிறகு நடுவிலிருந்து கேட்டது.

பாவம் பேச்சிமுத்துதான் அதிகம் கஷ்டப்பட்டான்.

"நோ, அண்ணாச்சி."

"அங்க எவன்டே என்னைய அண்ணாச்சின்னு கூப்பிடப் போறான்? வெறும் நோ சொல்லு."

பேச்சிமுத்துவுக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"நோ."

அண்ணாச்சி அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். கீழே ஆள் அனுப்பி வகுப்புக்கே கடலைமிட்டாய் வாங்கிவரச் சொன்னார்.

புறப்படுவதற்கு முன்தினம் விடைபெற வந்தார்.

"இந்த மாசம் பூரா புது வார்த்தை ஒண்ணுகூட நீங்க தரலியே, டீச்சர். போற வழிக்கு ஒண்ணாவது தாங்களேன்."

"நோ," என்றாள் ஜெனோவா.

அண்ணாச்சி போகாமல் நின்றார்.

"நல்லபடியாப் போயிட்டு வாங்க," என்றாள் அவள்.

விமானத்தில் அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. மான்செஸ்டர் ஸ்டேஷனில்தான் வந்தது வினை. மழை. ஒரு கையில் பெட்டி, மறுகையில் பிள்ளை பெற்றவளுக்கான லேகிய டப்பா. முன்னால் கிளம்பத் தயாராக ஒரு வண்டி. கதவருகே தொப்பி வைத்த ஒரு ரயில்வே அம்மா.

அண்ணாச்சி அவர் வழக்கப்படி அறிவித்தார்.

"திஸ் ட்ரெயின், லீட்ஸ், எஸ்?"

"நோ."

காது சிவந்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம், ஒரு மாதத்தில் விட்டுப் போகுமா?

ஆனால் அவர் அசையவில்லை. வாயை மூடிக்கொண்டு அந்த அம்மாவின் வாயையே பார்த்தார். அந்த அம்மா பேசியதில் பாதி வார்த்தைகள் அவர் படித்தவை அல்ல. மீதிப் பாதி போதுமானதாக இருந்தது. படியேறி, பாலம் கடந்து, அந்தப் பக்கம் இறங்கி, லீட்ஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்து லேகிய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். அவருக்கே அவர்மேல் ஒரு மரியாதை வந்தது.

லீட்ஸில் பஸ்சுக்கு விசாரித்தபோது இரண்டு நோ கிடைத்தன. இரண்டும் சரியான பஸ்சில் கொண்டுபோய் விட்டன.

கோமதி தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தாள். பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"தனியாவாப்பா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா?"

"எதுக்கு? அதான் வந்துட்டேம்லா."

தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டு கிடந்தது. பெண் குழந்தை. நெற்றி அப்படியே செத்துப்போன அவர் மனைவியின் நெற்றி. அண்ணாச்சி பெட்டியைப் போட்டார், டப்பாவை வைத்தார், ரயிலையும் பஸ்சையும் தொட்ட கைகளைக் கழுவாமல் அப்படியே தொட்டிலுக்கு நீட்டினார்.

"இல்லப்பா," என்றாள் கோமதி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பிறந்ததிலிருந்து அவரிடம் அவள் சொல்லாத வார்த்தை. பயந்துபோய் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அண்ணாச்சி கையைப் பின்னுக்கு எடுத்தார். அங்கிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"மிச்சத்தையும் சொல்லும்மா," என்றார்.