சடையாண்டி வாத்தியார் எடுத்த லீவு

காட்டாற்றங்கரையில் ஓர் இலுப்பை மரம். அதன் அடியில் சடையாண்டி என்ற கரடி பள்ளிக்கூடம் நடத்தி வந்தார். அங்கே ஒரே பாடம்தான். மண்ணில் பதிந்த கால்தடத்தைப் பார்த்து, போனது யார் என்று சொல்ல வேண்டும். அது தெரிந்த குட்டி பிழைக்கும். தெரியாத குட்டி நரிக்குச் சாப்பாடு.

"என் பள்ளியில் கட்டணமே கிடையாது! யார் வேண்டுமானாலும் வரலாம்!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார் சடையாண்டி. சொல்லும்போது தொப்பையைத் தடவிக்கொள்வார். விடியும்போதே வந்துவிட வேண்டும், மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். இதுகூடவா முடியாது?

தும்பை என்ற முயல் குட்டிக்கு முடியவில்லை. முதலில் தாமதமாக வந்தாள். பிறகு வகுப்பில் தூங்கி வழிந்தாள். மற்றவர்கள் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரத்தில், தாகமாக இருக்கிறது என்று ஆற்றுப் பக்கம் போய்விடுவாள். கடைசியில் நான்கு நாளாக ஆளையே காணோம்.

"படிப்பில் அக்கறை இல்லை!" என்று தீர்ப்புச் சொன்னார் சடையாண்டி.

ஐந்தாம் நாள் விடியும் முன்பே தும்பையின் வீட்டுக்குப் புறப்பட்டார். சொல்ல வேண்டிய புத்திமதியை வழியெல்லாம் மனப்பாடம் செய்தார். நடுநடுவே அவருக்கே புல்லரித்தது. அவ்வளவு நல்ல பேச்சு!

வளைக்குள் தும்பையின் அம்மா செவந்தி படுத்திருந்தாள். பக்கத்தில் நான்கு பச்சைக் குட்டிகள். தும்பை புல் பறிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா, பிள்ளையை நிறுத்திவிட்டீர்களே, நியாயமா?"

"நான் நிறுத்தவில்லை, ஐயா. கல் உருண்டு என் கால் முறிந்துவிட்டது. இவள் அப்பாவும் உயிரோடு இல்லை. இவள் விடியற்காலையில் புல் கொண்டுவந்தால்தான் எனக்குப் பால் ஊறும். வெயில் ஏறிவிட்டால் காட்டெருமைகள் ஒரு நுனி விடாமல் மேய்ந்துவிடும்."

"சாக்குப்போக்கு! நாலு புல் பறிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

செவந்தி கோபப்படவில்லை. "அப்படியானால் இன்று ஒரு நாள் நீங்கள் பறியுங்கள், ஐயா. இவள் பள்ளிக்குப் போகட்டும். தினமும் அழுகிறாள்."

"இவ்வளவுதானா? ஓடு தும்பை, ஓடு!"

காதுகள் பின்னால் பறக்க ஓடினாள் தும்பை.

செவந்தி சற்றுத் தூங்கட்டும் என்று குட்டிகளையும் தூக்கிக்கொண்டு, சடையாண்டி ஆற்றோரப் புல்வெளியில் இறங்கினார். அவருடைய நகங்கள் கறையான் புற்றைப் பிளக்கும். அறுகம்புல்லுக்கு அவை ஆகவில்லை. இழுத்தால் மண்கட்டியோடு வந்தது. முதல் புல்கட்டில் பாதி மண். இரண்டாவது கட்டைக் கீழே வைத்து, மறந்துபோய் அதன் மேலேயே உட்கார்ந்தார். இடையில் ஒரு குட்டியைக் காணோம். "ஐயையோ!" என்று புதர் புதராகத் தேடினார். அது அவர் பிடரி முடிக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

உச்சி வெயில் வந்தபோது கையில் இருந்தது ஒரு பிடி புல். அவருடைய தேனடை பள்ளியிலேயே இருந்தது. வயிறு உறுமியது. இடி என்று பயந்து குட்டிகள் கட்டிப்பிடித்துக்கொண்டன. காலையில் மனப்பாடம் செய்த பேச்சை நினைத்துப் பார்த்தார். முதல் வரிகூட வரவில்லை.

மறுபடி ஆற்றோரம் இறங்கியபோது தும்பை திரும்பி வந்தாள்.

"என்ன, அதற்குள் வந்துவிட்டாய்?"

"பாடம் நடக்கவில்லை, ஐயா. வாத்தியார் வரவில்லையாம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாராம். அவருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று மயில் குஞ்சு சொன்னது."

வெட்கத்தில் சடையாண்டி தலையைக் குனிந்தார். குனிந்தபோதுதான் ஈர மண்ணில் அந்தத் தடங்களைப் பார்த்தார்.

"தும்பை, நீ தினமும் புல் பறிப்பது இங்கேயா?"

"ஆமாம், ஐயா."

"இது என்ன தெரியுமா?"

"தினமும் பார்ப்பேன். பூப் போல எவ்வளவு அழகாக இருக்கிறது!"

சடையாண்டியின் முடியெல்லாம் குத்திட்டு நின்றது. அந்தப் பாடத்தை அவர் நடத்தி நான்கு நாள்தான் ஆகிறது. அன்று வராத தும்பையைப் பற்றி வகுப்பில் கேலி பேசியதும் நினைவுக்கு வந்தது.

"இது நரி, கண்ணு. நான்கு விரல் பார். முன்னால் நகம் குத்தியிருக்கிறது பார். இன்று விடியும்போது இங்கே நின்றிருக்கிறான்."

தும்பை சட்டென்று பின்வாங்கினாள். ஆனாலும் இரண்டடி நகர்ந்து கூர்ந்து பார்த்தாள். "நின்றது மட்டும் இல்லை, ஐயா. இங்கே உட்கார்ந்து காத்திருக்கிறான். வால் இழுபட்ட கோடு இருக்கிறதே!"

வாத்தியார் அந்தக் கோட்டைக் கவனிக்கவே இல்லை.

மறுநாள் பிள்ளைகள் முன் நின்றார். "நேற்று நான் புல் பறிக்கப் போனேன். அதில் பெயில்! நரித்தடம் படித்ததில் தும்பை முதல் மார்க், நான் இரண்டாவது. படித்தது இரண்டே பேர்!" பிள்ளைகள் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

அன்றே பள்ளிக்கூடம் புல்வெளிக்கு மாறியது. முதல் வேலை, எல்லோரும் சேர்ந்து தும்பை வீட்டுக்குப் புல் பறிப்பது. பிறகுதான் பாடம். கொண்டுவந்த சாப்பாட்டை ஒரே இலையில் கொட்டிப் பங்கு போட்டார்கள். பச்சைக் குட்டிகள் வாத்தியாரின் பிடரியில் தூங்கின. ஒரு வாரத்தில், தம்பியை முதுகில் சுமந்தபடி ஓர் அணில் பிள்ளை வந்தது. அடுத்து மூன்று எலிக் குட்டிகள் வந்தன. எல்லோருமே அக்கறை இல்லாதவர்கள் என்று சடையாண்டி எப்போதோ ஒதுக்கி வைத்தவர்கள்.

நரி இரண்டு நாள் தூரத்தில் நின்று பார்த்தது. அது எந்தப் புதரில் ஒளிந்தாலும், பிள்ளைகள் தடம் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் அது காட்டைவிட்டே போய்விட்டது.

"கெட்டிக்கார வாத்தியார்!" என்று காடே புகழ்ந்தது.

"நானா? என் பள்ளியிலேயே மந்தமான மாணவன் நான்தான்! அடுத்த வீட்டுக் கஷ்டத்தைப் படிக்க எனக்கு இத்தனை நாள் ஆயிற்று!" என்றார் சடையாண்டி.

ஏழைப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்றால், அதன் அக்கறையைக் குறை சொல்லும் முன் அதன் வீட்டு நிலைமையைப் போய்ப் பார்க்க வேண்டும்.