மொக்கச்சாமி மெத்தைக் கடைக்கு எங்கேஜ்மென்ட்

போடிக்குப் போகிற வழியில் மயிலோடை என்று ஓர் ஊர். அங்கே இலவம்பஞ்சுக்குப் பஞ்சமே கிடையாது. அந்தப் பஞ்சை அடைத்து மெத்தையும் தலையணையும் தைத்து விற்றுவந்தார் மொக்கச்சாமி. கடையில் அவரோடு இரண்டு பேர். பஞ்சு அடைப்பவன் அவருடைய சித்தப்பா மகன் அழகுராசா. தைப்பவன் மனைவியின் தம்பி தங்கமாயன். தலையணைக்குள் அடைத்தது போக மிச்சப் பஞ்சை மூன்று பேரும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். மரியாதை கருதி யாரும் தட்டிப் பார்த்ததில்லை.

அந்த வருஷம் கடைக்கு நேர் எதிரே ரத்தினகிரி என்பவர் ஃபோம் மெத்தை ஷோரூம் திறந்தார். ஏசி, கண்ணாடிக் கதவு, உள்ளே வருகிறவர்களுக்குக் காபி. கொஞ்ச நாளில் மொக்கச்சாமி கடைக்கு வருகிற கூட்டம் மூன்று பேராகக் குறைந்தது. அந்த மூன்று பேரும் கடைக்காரர்கள்தான்.

மொக்கச்சாமிக்கு ராத்தூக்கம் போயிற்று. மெத்தைக்காரருக்கே தூக்கம் வரவில்லை என்றால் வெளியே சொல்லவும் முடியாது. கோயம்புத்தூரில் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி மகள் சுகிர்தாவுக்குப் போன் போட்டார்.

"பெரியப்பா, இன்ஸ்டாகிராம்ல இல்லாத கடையெல்லாம் இப்ப கடையே இல்ல. உடனே அங்க ஆரம்பிங்க" என்றாள் அவள்.

மொக்கச்சாமி இரண்டு தலையணைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். "இன்ஸ்டா கிராமம் ஒண்ணு குடுங்க."

கண்டக்டரும் மயிலோடைக்காரர்தான். "எந்தத் தாலுகா?"

"தெரியல. ஆனா எல்லாரும் அங்கதான் இருக்காகளாம்."

"அப்பப் பெரிய ஊராத்தான் இருக்கும். உக்காருங்க, வழியில கேட்டுக்குவோம்."

கேட்டுக்கொண்டே குமுளிவரை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். அழகுராசாதான் கடைசியில் கண்டுபிடித்தான். "அண்ணே, கிராமம் போனுக்குள்ள இருக்குண்ணே. அதான் பஸ் போகல." அவனுடைய அறிவை மெச்சி மொக்கச்சாமி ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

சுகிர்தா அங்கிருந்தபடியே கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு, "தினமும் ஸ்டோரி போடுங்க, அடிக்கடி ரீல் போடுங்க, ஃபாலோயர்ஸைச் சேருங்க" என்று சொல்லி வைத்தாள்.

ஸ்டோரியில் மொக்கச்சாமிக்குச் சிரமமே இல்லை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஏழு பெண்டாட்டி கட்டிய ராசா கதையை ஆரம்பித்தார். ஐந்தாவது பெண்டாட்டி வந்ததும் மிச்சத்தை நாளைக்கு என்று நிறுத்தினார். அங்கே போடுகிற ஸ்டோரி ஒரே நாளில் தானாக மறைந்துவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் போனில் கதையைக் காணோம். மூன்று பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள்.

"யாரைக் காணோம்?" என்றார் ஏட்டு.

"ராசாவையும் அஞ்சு பொண்டாட்டியையும் காணோம்யா. நேத்து வரைக்கும் போன்லதான் இருந்தாக."

"மொத்தம் எத்தனை பொண்டாட்டி?"

"ஏழு. ரெண்டு பேரை இன்னும் நான் விடல."

ஏட்டு பேனாவை மூடினார். "அப்ப அந்த ரெண்டு பேரு மேலதான் எனக்குச் சந்தேகம். அவங்கள வெளியூருக்கு விடாம வச்சிருங்க."

அன்றிலிருந்து அந்த இரண்டு ராணிகளையும் மொக்கச்சாமி வாயைத் திறந்து வெளியே விடவே இல்லை.

ரீல் தங்கமாயன் பொறுப்பு. தையல்காரனிடம் நூல் ரீலுக்கா குறைச்சல்? திங்கட்கிழமை வெள்ளை ரீல், வியாழக்கிழமை கறுப்பு ரீல் என்று படம் எடுத்துப் போட்டான். சிவப்பு ரீல் போட்ட அன்று ஒரே ஒருவர் இதயம் போட்டிருந்தார். எதிர்க்கடை ரத்தினகிரி. "தொடர்ந்து இப்படியே பண்ணுங்க" என்று கைகுலுக்கியும் விட்டுப் போனார்.

ஃபாலோயர்ஸ் விஷயத்தை மட்டும் மொக்கச்சாமி யாரையும் நம்பி விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே தெருவில் நடந்தார். அழகுராசா ஓரமாக நின்று பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தான். முதல் நாள் ஒரு நாய் வந்தது. அதுவும் பிரியாணிக் கடை வந்ததும் மனசு மாறிவிட்டது. மறுநாள் ஒரு சாவு ஊர்வலம் கொட்டு முழக்கத்தோடு வந்தது. மொக்கச்சாமி நைசாக முன்னால் புகுந்து நடக்க ஆரம்பித்தார். பின்னால் ஊரே வந்தது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சுடுகாட்டுக்கு நேராகப் போகவேண்டிய இடத்தில் அவர் கடைப்பக்கம் திரும்ப, கொட்டுக்காரர்களும் திரும்ப, பாடையும் மெத்தைக் கடைக்குள் நுழைந்துவிட்டது.

அழகுராசா பழக்கதோஷத்தில், "படுத்துப் பாக்கச் சொல்லுங்க, காசு வேணாம்" என்றான்.

அன்று வாங்கிய அடிக்கு மூன்று பேரும் மூன்று நாள் குப்புறப் படுத்தார்கள். இலவம்பஞ்சு மெத்தையின் அருமை அவர்களுக்கே அப்போதுதான் புரிந்தது.

மொக்கச்சாமி நொந்துபோய் மறுபடி சுகிர்தாவைக் கூப்பிட்டார். ஒரே ஒரு லைக்கோடு, கமென்ட்டே இல்லாமல் கிடந்த கணக்கைப் பார்த்துவிட்டு அவள் பெருமூச்சு விட்டாள். "பெரியப்பா, உங்க பேஜ்ல எங்கேஜ்மென்ட் சுத்தமா இல்ல. அது இல்லாம கடை மேல வரவே வராது."

அன்று சாயங்காலம் கடையில் கூட்டம் போட்டார்கள்.

"எங்கேஜ்மென்ட் பண்ணணுமாம். யாருக்குப் பண்ணலாம்?" என்றார் மொக்கச்சாமி.

"எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுண்ணே" என்றான் அழகுராசா. "உங்களுக்கும் ஆயிருச்சு. மெத்தைக்கும் தலையணைக்கும் பண்ணலாம்னா அதுக ஒரே பஞ்சு, அண்ணன் தங்கச்சி முறை."

இருவரும் தங்கமாயனைப் பார்த்தார்கள். அவன் ஊசியைக் கீழே வைத்தான். "கடைக்காகன்னா சரி மாமா" என்றான். சொல்லும்போதே காது சிவந்தது. இத்தனை வருஷமாக அவனுக்குப் பெண் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

பெரியகுளத்தில் பெண் கிடைத்தது. கடை வாசலிலேயே பந்தல். ரத்தினகிரி தன் செலவில் நாற்காலி போட்டுக் கொடுத்து, முதல் ஆளாக வந்து சாப்பிட்டார். தட்டு மாற்றி, படம் பிடித்துப் போட்டதும் வாழ்த்து குவிந்தது. சுகிர்தா துள்ளிக் குதித்தாள். "சூப்பர் பெரியப்பா! எங்கேஜ்மென்ட் கூடியிருக்கு. இதோட விட்டுறாதீங்க, இன்னும் கூட்டுங்க."

மறுபடி கூட்டம்.

"அடுத்த எங்கேஜ்மென்ட்டும் மாப்ளைக்கே பண்ணிருவோம்" என்றார் மொக்கச்சாமி.

தங்கமாயன் திகைத்தான். "எனக்குத்தான் முடிஞ்சிருச்சே மாமா?"

"கல்யாணம்தான் மாப்ள ஒண்ணு. எங்கேஜ்மென்ட் கூடக் கூட நல்லதுன்னு படிச்ச புள்ள சொல்லுது. நீ என்ன அதவிடப் படிச்சிருக்கியா?"

தங்கமாயன் படித்ததில்லை. ஒத்துக்கொண்டான்.

கம்பத்தில் இரண்டாவது பெண் கிடைத்தது. அதே பந்தல், அதே நாற்காலி. தட்டு மாற்றுகிற நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. பெரியகுளத்துப் பெண் வீட்டார், கல்யாணச் சீருக்கு மெத்தை எடுக்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள்.

"யார்ரா இவுக?" என்றார் பெரியகுளத்து மாமனார்.

தங்கமாயன் பணிவாக எழுந்து நின்றான். "இது ரெண்டாவது எங்கேஜ்மென்ட் மாமா. அடுத்த மாசம் மூணாவது. நீங்க எல்லாத்துக்கும் வந்துரணும்."

கைக்கு வாகாகக் கிடந்தது தலையணைதான். பெரியகுளம் கம்பத்தை அடிக்க, கம்பம் பெரியகுளத்தை அடிக்க, பிறகு நியாயம் விளங்கி இரண்டு ஊராரும் சேர்ந்து கடைக்காரர்களை அடித்தார்கள். வெயில் தாழும்வரை அடித்தும் ஒரு தலையணை கிழியவில்லை, ஒரு தையல் விடவில்லை. இரண்டு சம்பந்தமும் அன்றே முறிந்தன. தங்கமாயன் மாலையைக் கழற்றாமலேயே ஊசியை எடுத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டான். மொக்கச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு நூல் கோத்துக் கொடுத்தார்.

அந்த வழியாகப் போன பஸ்ஸில் இருந்த யாரோ அத்தனையையும் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். மறுநாள் விடியற்காலையில் சுகிர்தா போனில் கத்தினாள். "பெரியப்பா! நீங்க வைரல் ஆயிட்டீங்க! தமிழ்நாடு முழுக்கப் பரவிருச்சு!"

மொக்கச்சாமி கையிலிருந்து போன் நழுவியது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். லேசாகச் சுட்டது. "டேய், நமக்கு வைரல் வந்துருச்சுடா. தமிழ்நாட்டுக்கே நாமதான் பரப்பியிருக்கோம்" என்று நடுங்கினார்.

ஷட்டரை இழுத்து மூடி, வாசலில் வேப்பிலை செருகி, மூன்று பேரும் உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டு போர்த்திப் படுத்தார்கள். வெளியே காரும் வேனுமாக வந்து நின்றன. அவ்வளவு அடிக்கும் கிழியாத தலையணை வேண்டும் என்று ஜனம் ஷட்டரைத் தட்டியது.

அழகுராசா ஷட்டரின் சந்து வழியாகக் கத்தினான். "கிட்ட வராதீங்க, ஒட்டிக்கும்! எங்க மூணு பேருக்கும் வைரல்! எதிர்க்கடைக்குப் போங்க, அங்க யாருக்கும் இது வந்ததே இல்ல!"

ஜனம் எதிர்க்கடைக்குப் போனது. வந்த தூரத்துக்கு வெறுங்கையோடு திரும்ப யாருக்கு மனசு வரும்? ரத்தினகிரியின் குடோன் காலியானது. நன்றி மறக்காத மனிதர், வேளாவேளைக்குக் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து சுகிர்தா அழாத குறையாகப் பேசினாள். "எல்லாம் போச்சு பெரியப்பா. இப்ப உங்க வீடியோவை ஒருத்தரும் பாக்கல. வைரலெல்லாம் முடிஞ்சிருச்சு."

மொக்கச்சாமி போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிழைத்து எழுந்ததற்காக அன்றைக்கே குலதெய்வம் கோயிலில் மூன்று பேரும் மொட்டை போட்டுக்கொண்டு கிடா வெட்டினார்கள். கிடாய்ச் செலவு ரத்தினகிரியுடையது.

"தாயி, இனிமே ஆயுசுக்கும் இந்த வைரல் எங்க கடைப்பக்கம் எட்டிப் பாக்கவே கூடாது" என்று மொக்கச்சாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வேண்டினார்.

பக்கத்தில் நின்ற ரத்தினகிரியும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மனமுருகி, அதையே வேண்டிக்கொண்டார்.