நீலத் திடலில் இறங்கிய நாமக்கோழி

குளத்தை ஒட்டி ஒரு செம்மண் திடல். பள்ளக்காட்டு மிருகங்கள் அங்கேதான் பந்து விளையாடும். காய்ந்த பனங்காய்தான் பந்து.

திடலின் சொந்தக்கார அணிக்கு நாமக்கோழி அணி என்று பெயர். தலைவன் கருக்கன் என்ற உடும்பு. கோல் காப்பதும் அவன்தான். பனங்காயைப் பிடித்துவிட்டால் விடவே மாட்டான். உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்! முன்னால் ஓடி முட்டுவது சடையன் என்ற காட்டுப்பன்றி. பன்றியும் உடும்பும் ஆடுகிற அணிக்குக் கோழியின் பெயரா என்று கேட்பீர்கள். காரணம் சுட்டி.

சுட்டி குளத்தில் வாழும் நாமக்கோழி. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. அவள்தான் அணியின் சின்னம். ஆட்டக்காரர்கள் எல்லோரும் அவளைப் போலவே நெற்றியில் வெள்ளைக் களிமண் பூசிக்கொண்டுதான் இறங்குவார்கள். சுட்டி வானத்தில் ஏறி ஒரு வட்டம் அடிப்பாள். சிவப்புத் திடலைத் தாண்டியதும் நெஞ்சை முன்னே தள்ளிக் குளத்தில் சளாரென்று இறங்குவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் ஆட்டம் தொடங்கும். வேறு விசில் அந்தக் காட்டில் கிடையாது.

எதிரணி எப்போதும் பெருச்சாளிகள்தான். அவர்களின் தலைவன் மொக்கையன். ஆட்டத்தில் அடிதடி, கடி, காயம் எல்லாம் உண்டு. முடிந்ததும் எல்லோரும் ஒன்றாகக் கிழங்கு தின்பார்கள். பள்ளக்காட்டுக் கூட்டணி என்றால் இவ்வளவுதான்.

ஒருநாள் மேட்டுக்காட்டிலிருந்து ஒரு மந்தி வந்தது. மரத்தில் உட்கார்ந்து திடலைப் பார்த்து மூக்கைச் சுளித்தது.

"கருக்கா! உன் திறமைக்கு இந்தப் பெருச்சாளிப் பயல்களோடயா மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கே? எங்க கூட்டணிக்கு வந்துடு! கரடி, காட்டெருமையோட ஆடலாம்!"

கருக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. "நெசமாவா? எங்களைச் சேத்துக்குவீங்களா?"

"சேத்துக்குவோம். ஆனா எங்காளுங்க பாறை உச்சியில உக்காந்து பாப்பாங்க. அங்கேருந்து பாத்தா உன் திடல் சொறி புடிச்ச மாதிரி இருக்கு. நீலமா மாத்து! அப்புறம், கோழியெல்லாம் ஒரு சின்னமா? புலி வை, புலி!"

"எங்க அணியில புலியே இல்லையே!"

"அட, இருக்கணும்னு யார் சொன்னா? தலை மட்டும் இருந்தா போதும்!"

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. அவுரி இலையைப் பாறைக் குழியில் ஊறப்போட்டார்கள். சடையன் அதில் இறங்கி மிதித்து மிதித்து வயிறுவரை நீலமாகிப் போனான். அந்தச் சாயத்தை ஊற்றி ஊற்றி முழுத் திடலையும் நனைத்தார்கள். நெற்றிக் களிமண்ணைக் கழுவியாயிற்று. வைக்கோலில் ஒரு புலித்தலையும் செய்தாயிற்று. பார்ப்பதற்கு அது பல்வலி வந்த பூனை மாதிரி இருந்தது. அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

மொக்கையன் ஓடிவந்தான். "என்னப்பா கருக்கா, திடலை இப்படிப் பண்ணி வச்சிருக்கே? அப்ப நம்ம ஆட்டம்?"

"உங்களோட இனிமே எங்களுக்கு என்ன ஆட்டம்? நாங்க இப்ப மேட்டுக்காடு!"

 மொக்கையன் வளைக்குத் திரும்பிவிட்டான்.

சடையன் மட்டும் கேட்டான். "சுட்டிகிட்ட சொல்லிட்டியா?"

சுட்டி அப்போது அக்கரை நாணலுக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். வெளியே தலைகாட்டி நாளாயிற்று. இனிமேல் நீ வேண்டாம் என்று அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கருக்கனுக்கு மனம் வரவில்லை.

"அவ எங்க முட்டையை விட்டுட்டு வரப்போறா? ஆட்டம் முடியட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்" என்றான்.

ஆட்ட நாள் வந்தது. கரடிகளும் காட்டெருமைகளும் வரிசையாக இறங்கின. பாறை உச்சியெல்லாம் ஒரே கூட்டம். நீலத் திடலைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கருக்கன் பெருமையில் கழுத்தை நிமிர்த்தி நின்றான்.

அப்போது வானத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது.

கூட்டத்தின் ஆரவாரம் நாணல்வரை கேட்டிருக்கிறது. ஆட்டம் தொடங்கப் போகிறதே, நான் இல்லாமல் எப்படி என்று முட்டைகளைச் சோடியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள் சுட்டி!

கருக்கன் அண்ணாந்து பார்த்தான். குளமும் நீலம், திடலும் நீலம். சிவப்பைத் தேடித்தானே அவள் தண்ணீரைக் கண்டுபிடிப்பாள்!

"சுட்டி! இறங்காதே! இறங்காதே!"

அவன் உற்சாகத்தில் கத்துகிறான் என்று கூட்டம் நினைத்தது. "ஓ!" என்று சேர்ந்து கத்தியது. அவன் குரல் அதில் அமுங்கிப் போயிற்று.

சுட்டி வட்டமடித்தாள். எத்தனையோ ஆட்டங்களில் செய்ததைப் போலவே நெஞ்சை முன்னே தள்ளினாள்.

சளார் என்ற சத்தம் வரவில்லை. தொம் என்று ஒரு சத்தம்.

ஐயோ, அந்தக் கொடுமையை எப்படிச் சொல்வது!  கருக்கன் ஓடிப் போய்ப் பார்த்தான். ஒரு சிறகு மடங்கிக் கிடந்தது. அலகில் ரத்தம். நெற்றி வெள்ளையில் நீலப் புழுதி அப்பியிருந்தது.

சுட்டி மெல்லக் கண்ணைத் திறந்தாள். "கருக்கா... குளம் வத்திப்போச்சா?"

அவன் அவள் நெற்றிப் புழுதியைத் துடைத்தான்.

"சத்தமே வரலையே! ஆட்டத்தை எப்படித் தொடங்குவீங்க?"

மந்தி மரத்திலிருந்து கத்தியது. "அந்தக் கோழியை ஓரமா எடுத்துப் போடுங்கப்பா! புலித்தலை எங்கே? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க!"

கரடித் தலைவன் குனிந்து சுட்டியைப் பார்த்தான். பிறகு கருக்கனிடம் கேட்டான்.

"இது யாரு, உங்காளா? உங்க சின்னம் புலின்னுல்ல எங்ககிட்ட சொன்னாங்க?"

கருக்கன் சுட்டிக்கு முன்னால் வந்து நின்றான்.

"எங்க சின்னம் இவதான்! ஆட்டம் கிடையாது. கூட்டணியும் கிடையாது. போயிடுங்க!"

மேட்டுக்காட்டார் பேசாமல் கலைந்து போனார்கள். மந்தி மட்டும் கடைசிவரை திட்டிக்கொண்டே போனது.

திடலில் நாமக்கோழி அணி மட்டும் குனிந்த தலையோடு நின்றது. அப்போது ஓரத்தில் 'கரக் கரக்' என்று ஒரு சத்தம். மொக்கையன்! அழைக்காவிட்டாலும் வளைக்குள்ளிருந்து ஆட்டம் பார்க்க வந்திருந்தான்.  மூக்கைத் தரையில் வைத்துத் தோண்ட ஆரம்பித்தான். அவன் பின்னால் பெருச்சாளிக் கூட்டமே தோண்டியது. சடையனும் கோரைப்பல்லால் கிளறினான். நீலம் உள்ளே போயிற்று, சிவப்பு மேலே வந்தது.

சுட்டி பிழைத்துக்கொண்டாள். முட்டைகளும் பொரிந்தன. ஆனால் அந்தச் சிறகு மட்டும் நிமிரவே இல்லை.

அடுத்த பருவத்தில் பெருச்சாளிகளோடு ஆட்டம். எல்லோர் நெற்றியிலும் வெள்ளைக் களிமண். கருக்கன் சுட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு கரைக்கு நடந்தான்.

வழியில் சுட்டி கேட்டாள். "புலியை வச்சதுகூட எனக்குப் பெருசில்ல கருக்கா. நீலம் பூசியிருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் பாத்து இறங்கியிருப்பேன்ல?"

 கருக்கன் அவளை மெதுவாகத் தண்ணீரில் இறக்கிவிட்டான். 'சளக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. தூரத்தில் நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை. அவர்களுக்கும் கேட்கட்டும் என்று கருக்கன் அழுதுகொண்டே "ஆட்டம் ஆரம்பம்!" என்று கத்தினான்.

அடுத்தவர் கண்ணுக்கு அழகாகத் தெரிய நம் அடையாளத்தை அழித்தால், அதை நம்பி வருகிறவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள்.